கேள்வி பதில்: இரவு அணிவகுப்பையும் வாணவேடிக்கையையும் படமெடுப்பது

டிசம்பரில் ஃபுளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் நடக்கும் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குப் போகிறவர்களிடமிருந்து நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வாணவேடிக்கைக்கு என்ன செட்டிங்? என்னிடம் இருப்பது பழைய டி.எஸ்.எல்.ஆர்., கூடவே வந்த கிட் லென்ஸ்.

தாராளமாகப் போதும். டிரைபாட், ரிமோட், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம், எண் கூடினால் துவாரம் சிறிது) எஃப்/8 முதல் எஃப்/11 வரை, ஷட்டர் பல்பில், அதாவது பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் முறையில். வாணம் மேலே ஏறும்போது திறந்து, பொறிகள் அடங்கியதும் மூடுங்கள். பெரும்பாலும் 2 முதல் 6 நொடி வரும்.

காரணம் தெரிந்தால் எந்த இடத்திலும் நீங்களே செட்டிங் போட்டுக்கொள்ளலாம். தீப்பொறி ஓடிக்கொண்டே இருக்கிறது. சென்சாரின் ஒரு புள்ளியில் அது இருப்பது கணநேரம்தான். அதனால் ஷட்டரை 2 நொடி திறந்தாலும் 6 நொடி திறந்தாலும் பொறி வரையும் கோட்டின் வெளிச்சம் மாறாது. அதை முடிவு செய்வது அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் மட்டுமே. நேரம் கூடினால், ஒரே படத்தில் விழும் வாணங்கள் கூடும். ஆனால் பூங்காவின் நடுவே அசையாமல் நிற்கும் சிண்ட்ரெல்லா கோட்டை படத்தில் வெளுத்துக்கொண்டே போகும். சுவரில் புரொஜெக்‌ஷன் வேறு ஓடினால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும்.

இதற்கு ஒரு கறுப்பு அட்டை போதும். ஷட்டர் திறந்திருக்கும்போது லென்ஸின் கீழ்ப்பாதிக்கு முன்னால், தொடாமல், அட்டையை லேசாக அசைத்துக்கொண்டே பிடியுங்கள். கோட்டைக்குக் கொஞ்ச நேர வெளிச்சமும் வானத்துக்கு முழு நேரமும் கிடைக்கும். அசைப்பதால் அட்டையின் விளிம்பு படத்தில் தெரியாது.

ஃபோகஸைக் காட்சி தொடங்கும் முன்பே கோட்டை விளிம்பில் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் ஒன்று, இதை இன்னும் பல முறை சொல்வேன்: நீண்ட நேரம் திறந்து எடுத்த படத்தில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், 5 நொடி படத்துக்குப் பின் இன்னொரு 5 நொடி இருட்டுப் படத்தைக் கேமரா தானே எடுக்கும். அதற்குள் அடுத்த வாணம் போய்விடும்.

கேள்வி: அதே செட்டிங்கை அணிவகுப்புக்கும் வைக்கலாமா?

கூடாது. அங்கே எல்லாம் தலைகீழ். ஊர்தி நகர்கிறது, அதன்மேல் ஆள் ஆடுகிறார், நீங்கள் கையில் பிடித்து எடுக்கிறீர்கள். ஷட்டர் நடந்து வருபவருக்கு 1/125 நொடி, ஆடுபவருக்கு 1/250, லென்ஸ் திறக்கும் அளவுக்கு அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 6400 வரை. கிட் லென்ஸ் இங்கேதான் திணறும். 35 அல்லது 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ் ஒன்று கிடைத்தால் கொண்டுபோங்கள்.

சுற்றிலும் கறுப்பாக இருப்பதால் கேமராவின் மீட்டர் ஏமாந்து, அலங்கார ஊர்தியின் விளக்குகளை வெள்ளைத் திட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதி வரை, குறையுங்கள். நீலம், மெஜந்தா எல்.இ.டி.க்களில் ஒரே ஒரு நிறச் சேனல் மட்டும் நிரம்பி வழியும். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராமில் அது தெரியாமல் போகலாம். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். சைலன்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டர் வேண்டாம். எலக்ட்ரானிக் ஷட்டரில் எல்.இ.டி. சிமிட்டல் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும்.

கேள்வி: முகம் இருட்டாக வந்தால் ஃபிளாஷ் போடலாமா?

வேண்டாம். வெளிச்சம் சில மீட்டரோடு தீர்ந்துவிடும். முன்னால் நிற்பவர்களின் பின்தலைதான் பளிச்சென்று தெரியும். ஊர்தியின் விளக்கழகும் செத்துப்போகும். இருட்டில் ஆடிக்கொண்டு வருபவரின் கண்ணுக்கும் அது நல்லதல்ல.

கேள்வி: எங்கே நிற்பது?

அணிவகுப்பு வழக்கமாகப் பூங்காவின் ஃபிரன்டியர்லேண்ட் பகுதியில் கிளம்பி, லிபர்ட்டி ஸ்கொயர் வழியாகக் கோட்டை முன் வந்து, மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்குகிறது. என் ஓட்டு மெயின் ஸ்ட்ரீட்டுக்குத்தான். பின்னணியில் தோரண விளக்குகள் மங்கி வட்ட வட்டமாக வரும். சாலை வளையும் இடம் கிடைத்தால் விடாதீர்கள், ஊர்தி நேராக உங்களை நோக்கி வரும். பார்ட்டி இரவுகளில் பொதுவாக இரண்டு சுற்று உண்டு. குழந்தைகள் தூங்கப் போன பிறகு நடக்கும் இரண்டாவது சுற்றில் கூட்டம் குறைவு. அங்கே பெய்யும் ‘பனி’ சோப்பு நுரை. லென்ஸில் பட்டால் புள்ளி விழும், துணி வைத்துக்கொள்ளுங்கள்.

வாணவேடிக்கைக்கு: கோட்டை 189 அடி உயரம். கிட்டே நின்றால் 16 முதல் 24 எம்.எம். லென்ஸ், கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மெயின் ஸ்ட்ரீட்டின் மறுமுனையில் ரயில் நிலையம் பக்கம் என்றால் 35 முதல் 70. முதல் சில நிமிடங்களில்தான் வானம் சுத்தமாக இருக்கும், பிறகு புகை. நல்ல படத்தை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: டிரைபாட் உள்ளே விடுவார்களா?

மடக்கினால் சாதாரண முதுகுப்பைக்குள் அடங்க வேண்டும், விரித்தால் 6 அடியைத் தாண்டக்கூடாது. செல்ஃபி ஸ்டிக்குக்கு 2015 முதல் தடை. கூட்டத்தில் காலை அகல விரிக்காதீர்கள், இருட்டில் குழந்தைகள் தடுக்கி விழுவார்கள்.

கேள்வி: பல படங்களை அடுக்கி, ஒரே வானத்தில் இருபது வாணம் காட்டுகிறார்களே. ஏமாற்று இல்லையா?

ஒரே இரவில், டிரைபாடை நகர்த்தாமல் எடுத்த படங்களை அடுக்குவதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். 6 நொடி பல்ப் எக்ஸ்போஷரும் வெவ்வேறு கணங்களை ஒன்றாக்குவதுதானே? வேறொரு நாள் வாணத்தைப் பெரிதாக்கிக் கோட்டைமேல் ஒட்டுவது வேறு. அது ஓவியம், அப்படிச் சொல்லியே காட்ட வேண்டும்.

அதே நண்பர்: ஒப்புக்கொள்ள முடியாது. நீண்ட எக்ஸ்போஷரில் வெளிச்சம் கூடிக்கொண்டே போய் வெளுக்கும். அடுக்கும்போது வெளுப்பதில்லை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

நல்ல வாதம், இதில் நீங்கள் சொல்வது சரி. ஷட்டர் திறந்திருந்தால் வெளிச்சம் கூட்டப்படுகிறது. மென்பொருளின் ‘லைட்டன்’ முறையோ ஒவ்வொரு புள்ளியிலும் அதிக வெளிச்சமுள்ள படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கணக்கே வேறு. ஆனால் பல வாணங்கள் ஒன்றன்மேல் ஒன்று வெடிக்கும்போது கண் தனித்தனி நிறங்களைப் பார்க்கிறது. நீண்ட எக்ஸ்போஷர் காட்டுவது ஒரு வெள்ளைக் குழப்பம். அங்கே கண் கண்டதற்குப் பக்கத்தில் நிற்பது அடுக்கிய படம்தான்.

இன்னொருவர்: அப்படியானால் புகை எங்கே போனது? அடுக்குபவர்கள் புகை படிந்த படங்களை ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆமாம், ஒதுக்குகிறார்கள், அதனால்தான் வானம் நம்ப முடியாத கறுப்பாக இருக்கிறது. நான் புகையை விட்டுவைப்பேன். கீழிருந்து சிவப்பும் பச்சையும் பட்டு ஒளிரும் புகை அந்த இரவின் பகுதி. புகையே பிடிக்காதவர்களுக்கு ஒரு செய்தி: கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 2004 முதல் வாணங்களை அழுத்தக் காற்றால் ஏவும் முறை வந்தது. ஏவுமிடத்தில் வெடிமருந்து எரியாததால் தரையோரப் புகை குறைகிறது. மேலே வெடிப்பதன் புகைக்கு அது மருந்தல்ல.

மீண்டும் முதல் நண்பர்: படத்தின் கீழே ‘அடுக்கப்பட்டது’ என்று எழுதலாமே?

எழுத வேண்டும். நான் எழுதுகிறேன்.

கேள்வி: கடைசி வெடிப்பு எப்போதும் வெளுத்துவிடுகிறது.

முடிவு நெருங்கும்போது எஃப்/16, ஒரு நொடி.

கேள்வி: வாணவேடிக்கைக்கு ஒரே ஒரு செட்டிங் சொல்லுங்களேன்.

முதல் பதிலில் இருக்கிறது. நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்தீர்களா?

கேள்வி: போனில் எடுக்க முடியுமா?

முடியும். அணிவகுப்புக்கு நைட் மோடை அணையுங்கள். அது பல படங்களைச் சேர்ப்பதால் நகரும் ஊர்திக்கு நிழல் உருவம் வரும். ஊர்தியின் பிரகாசமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் கீழே இழுங்கள். வாணத்துக்கு ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷராக மாற்றலாம். போனை ஏதாவது ஒன்றில் சாய்த்து அசையாமல் வையுங்கள். தலைக்குமேல் தூக்கிப் பிடிக்காதீர்கள், பின்னால் இருப்பவரும் பணம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

கேள்வி: எந்தக் கம்பெனி கேமரா வாங்கலாம்?

அது இன்றைய விஷயம் இல்லை. கையில் இருப்பதைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: தூரத்து வாணத்துக்கு ஃபிளாஷ்?

வேண்டாம். மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மங்கிவிடுகிறதே?

ஏ.சி.யில் குளிர்ந்த கண்ணாடிமீது வெளியிலுள்ள ஈரக்காற்று படிகிறது. துடைத்தால் மறுபடி படியும். கேமராவை மூடிய பைக்குள்ளேயே வைத்து, காட்சிக்கு அரை மணி நேரம் முன்பே வெளியே கொண்டுவந்துவிடுங்கள். பை மெல்ல வெப்பமான பிறகு திறந்தால் போதும்.