பிடிக்க ஆளில்லாத சட்டம்

அன்புள்ள ஐயா,

குன்னூரில் இருக்கிறேன். பண்டிகைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த என் மச்சான், நீலகிரியில் தடை செய்யப்பட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை ஒரு பெட்டி நிறைய காரில் ஏற்றி வந்தார். பர்லியாறு செக்போஸ்ட் நெருங்கியதும் பெட்டிமேல் ஒரு சால்வையைப் போட்டு மூடினாராம். வண்டியை யாரும் நிறுத்தவில்லை. "பிடிக்க ஆளில்லாத சட்டத்தை மீறுவது மீறலே இல்லை" என்று வாதாடுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மச்சானுக்கு எதிரான சாட்சி அந்தச் சால்வைதான். இல்லாத சட்டத்துக்கு யார் பயந்து மூடுவார்கள்?

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பார்த்திருக்கிறது. மாநில மறுசீரமைப்புச் சட்டம் 1956ஆம் ஆண்டினுடையது. உயர் நீதிமன்றம் வேறு ஊரிலும் அமரலாம் என்று அதிகாரம் தரும் அதன் ஒரு பிரிவை வைத்து 1981இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஔரங்காபாத்தில் அமர்ந்தபோது, இத்தனை காலம் கழித்து அந்த அதிகாரம் செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். சும்மா கிடந்ததால் மட்டும் சட்டம் சாகாது என்று 1982இல் தீர்ப்பு வந்தது. பிறகு 1995இல், புனே மாநகராட்சிக்கும் பாரத் போர்ஜ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்: சட்டம் நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, அதற்கு நேர்மாறான வழக்கமும் நெடுநாளாக வேரூன்றியிருந்தால் வழக்கொழிந்ததாகக் கொள்ளலாம்.

இரண்டாவது நிபந்தனையில்தான் மச்சான் மாட்டுகிறார். நீலகிரியில் பிளாஸ்டிக் ஒழிப்பு சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்த காலத்திலேயே தொடங்கியது. இன்றும் கடையில் பாட்டில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தெருவை ஒரு பார்வை பார்ப்பார். மிக்சர் டின்னுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்து, நியூஸ் பேப்பரில் சுற்றி நீட்டுவார். விலையும் கொஞ்சம் கூட. ஒளித்து விற்பதை வழக்கம் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தூங்குகிற சட்டம் எல்லோர் வீட்டு வாசலிலும் விழிப்பதில்லை. திடீரென்று ஒருநாள் ரெய்டு என்பார்கள்; அன்றைக்கு அபராதம் கட்டுவது பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக்காரர். காரில் பெட்டி பெட்டியாக ஏற்றி வந்தவர் அதற்குள் மலை இறங்கியிருப்பார். மச்சான் அனுபவிக்கும் சலுகைக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று அவரையே கேளுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் அவர் பக்கம் நிற்பேன். பாட்டிலைத் தடுத்த கையோடு மலைப்பாதையில் வாட்டர் ஏடிஎம் வைத்தார்கள். காசு போட்டும் தண்ணீர் வராத இடத்தில், குழந்தையோடு நிற்பவரிடம் சட்டம் பேச எனக்கு வாய் வராது. அப்படி ஒரு மிஷின் உங்கள் கண்ணில் பட்டால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுங்கள். மச்சானையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.