புற்றுநோய் சிகிச்சைக்கு முதல்வர் காப்பீடு: கேள்வி பதில்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி வந்த கேள்விகளில், புற்றுநோய் தொடர்பானவற்றுக்கு மட்டும் இன்று பதில் சொல்கிறேன்.

அக்கா, அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது. காப்பீட்டு அட்டை இல்லை. இனிமேல் எடுக்க முடியுமா? (தருமபுரி)

முடியும் தம்பி. நோய் வந்த பிறகு சேரக்கூடாது என்று இதில் எந்த விதியும் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வாங்குங்கள். அதோடு ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ரேஷன் கார்டில் அம்மா பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. மருத்துவமனை வாசலில் திட்டத்தின் போர்டு இருந்தால் மட்டும் போதாது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் மூன்றையும் இந்தத் திட்டத்திலேயே அங்கே செய்கிறார்களா என்று காப்பீட்டுக் கவுன்டரில் தனித்தனியாகக் கேளுங்கள். ஆபரேஷனை முடித்துவிட்டு, ரேடியேஷன் மெஷின் இல்லை என்று வேறு ஊருக்கு அனுப்பினால் நோயாளிக்குத்தான் அலைச்சல்.

அவசரத்தில் கையிலிருந்து பணம் கட்டி அப்பாவுக்கு ஆபரேஷன் முடித்துவிட்டோம். பில்லைக் காட்டித் திரும்ப வாங்கலாமா?

வாங்க முடியாதும்மா. இது கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம். மருத்துவமனை முன்கூட்டியே ஆன்லைனில் அப்ரூவல் வாங்கும், காப்பீட்டிலிருந்து நேராக மருத்துவமனைக்கே பணம் போகும். நடுவில் நம் கைக்கு எதுவும் வராது. ஆனால் இனி வரப்போகும் கீமோவையும் ரேடியேஷனையும் திட்டத்துக்குள் கொண்டுவரலாம். மருத்துவமனை மாறுவதாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு பயாப்சி ஸ்லைடு (திசு வைத்த கண்ணாடித் தகடு), பிளாக் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வெறும் ரிப்போர்ட் தாளோடு போனால், புதிய இடத்தில் திருப்பி அனுப்பி ஸ்லைடையும் பிளாக்கையும்தான் எடுத்துவரச் சொல்வார்கள்.

பேக்கேஜ் பத்தாது, மீதியைக் கட்டுங்கள் என்கிறார்கள். சரியா?

பேக்கேஜ் என்பது ஒரு சிகிச்சைக்குத் திட்டத்தில் நிர்ணயித்த மொத்தத் தொகை. அதற்குள் வரும் சிகிச்சை என்றால் மீதி கேட்பது சரியில்லை. எதற்காக எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் அந்த ஒரு வார்த்தைக்கே பேச்சு அடங்கிவிடும். அடங்காவிட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள். அதே சமயம், புதிதாக வந்த விலை உயர்ந்த மருந்துகள் எல்லாமே பேக்கேஜில் இருக்காது. டாக்டர் அப்படி ஒன்றை எழுதினால், திட்டத்துக்குள் கிடைக்கும் மாற்று மருந்து என்ன, இரண்டுக்கும் பலனில் எவ்வளவு வித்தியாசம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நகையை அடகு வைப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி அது.

இந்தத் திட்டத்தில் கிடைக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு குடும்பத்துக்கே சேர்த்துத்தான், ஆளுக்கு அல்ல. அதனால் ஒவ்வொரு கீமோவுக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

அப்பாவுக்கு 72 வயது. வருமானம் வரம்பைத் தாண்டுகிறது.

70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பில்லாத ஆயுஷ்மான் வய வந்தனா என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. சேரப்போகும் மருத்துவமனையில் அதை ஏற்கிறார்களா என்று விசாரியுங்கள். அரசு ஓய்வூதியர் என்றால் அவருக்குத் தனிக் காப்பீடு இருக்கும், அதை முதலில் பாருங்கள். எந்த அட்டையும் இல்லாவிட்டாலும் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகலாம்.

சிகிச்சைக்குச் சென்னை போய்வர ரயிலில் சலுகை உண்டா?

உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு டிக்கெட் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவுக் கவுன்டரில் கொடுங்கள்.