ஓம் என்றால் ஓம்தானோ?

கேள்வி: "நாளைக்கு வாறியளே?" என்று வட்ஸ்அப்பில் கேட்டால் மச்சாளிடமிருந்து "ஓம்" என்று ஒற்றைச் சொல் வருகிறது. சம்மதமோ, சலிப்போ, பகிடியோ தெரியவில்லை. இதற்கென்று புதுக்குறி ஒன்று கண்டுபிடிக்க ஏலாதோ?
– வாசகி, கொக்குவில்

பதில்: ஏலும். ஆனால் எல்லா இடத்துக்கும் வேண்டாம். தமிழில் உணர்ச்சி சொல்லின் வாலிலேயே தொங்குகிறது. "வந்தவர்" வெறும் செய்தி, "வந்தவரே?" கேள்வி, "வந்தவராம்" என்றால் சொல்பவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓகாரம் ஒன்றுக்கே நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. வாலில்லாத ஓம், சரி, நல்லது, பார்ப்பம் ஆகியவைதான் ஆளைக் குழப்பும். குறி அவற்றுக்கு மட்டும் போதும்.

நாங்கள் பரிந்துரைப்பது "சொண்டுக்குறி". சொண்டை, அதாவது உதட்டை, நெளித்துச் சொல்லும் பகிடிக்கு அது அடையாளம். நெளிந்த சொண்டு மேலே, புள்ளி கீழே. கையால் எழுதும்போது 'ப' எழுத்தின் அகலத்துக்கு ஓர் அலைக்கோடு. இடப்பக்கம் தாழத் தொடங்கி, ஏறி, இறங்கி, வலப்பக்கம் சற்றே உயர்ந்து முடியவேண்டும். அதன் நடுவுக்கு நேர் கீழே, எழுத்துகள் நிற்கும் கோட்டில், புள்ளி. புள்ளியை மேலே வைத்தால் 'ம்'-இன் புள்ளியோடு போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் அது கீழே. சொல்லுக்கும் குறிக்கும் இடையே அரை எழுத்து இடைவெளி விடுங்கோ.

போனில் அலைக்கோட்டுக்கு ~, அதன் பின்னே புள்ளி: "ஓம்~." இங்கே இடைவெளி விடக்கூடாது. விட்டால் வரி மடங்கும்போது சொண்டு மட்டும் அடுத்த வரிக்குப் போய்விடும். சொல்லின் இரண்டு பக்கமும் ~ போட்டால் வட்ஸ்அப் அந்தச் சொல்லைக் குறுக்கே வெட்டிக் காட்டும். ஆகவே கடைசியில் மட்டும், ஒரு செய்திக்கு ஒருமுறை. ஆச்சரியக்குறியோடு சேர்க்கவேண்டாம். "காசு அனுப்பிறன்~." என்று எழுதினால் காசு வராது என்றுதான் வாசிப்பார்கள். மரண அறிவித்தலுக்குக் கீழே மறந்தும் வேண்டாம்.

பரீட்சித்துப் பார்க்க: குறியைப் பற்றி அறியாத ஐந்து பேரிடம் "ஓம்", "ஓம்!", "ஓம்~." மூன்றையும் எழுதிக் காட்டி, எது நெளிப்பு என்று கேளுங்கோ. விளக்கம் சொல்லாமலே மூன்று பேராவது சரியாகச் சொன்னால் குறி தேறிவிட்டது.

கேள்வி: வெளிநாட்டில் இப்படியான குறிகள் ஏற்கெனவே உண்டாமே. அதையே எடுத்தால் என்ன?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: உண்டு. 1899இல் பிரான்சில் கவிஞர் அல்கான்ரர் டி பிராம் நையாண்டிக்கென ஒரு குறியை முன்வைத்தார், கேள்விக்குறியைத் திருப்பிப் போட்டதுபோல. 1962இல் அமெரிக்க விளம்பரக்காரர் மார்ட்டின் ஸ்பெக்டர் கேள்வியையும் ஆச்சரியத்தையும் ஒட்டி ‽ என்று ஆக்கினார். 1968இல் ரெமிங்டன் தட்டச்சில் அதற்கு விசைகூட வந்தது. ஆனாலும் நிலைக்கவில்லை. பெரும்பாலான விசைப்பலகைகளில் இல்லாத குறியை யார் தேடிப் போடுவார்? 1982இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஸ்கொட் பால்மன் சொன்ன சிரிப்புக்குறி :-) பரவியதற்குக் காரணம், மூன்று விசையும் எல்லோரிடமும் இருந்ததுதான்.

தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் திரும்பிய கேள்விக்குறி இல்லை. சில போன்களில் வெறும் பெட்டிதான் தெரியும். அதற்குப் பதிலாக அரபுக் கேள்விக்குறியைப் போடுவோரும் உண்டு. அது வலமிருந்து இடம் ஓடும் எழுத்து. பின்னால் "5 மணி" என்று எழுதினால் 5 என்ற எண் அந்தக் குறிக்கு முன்னே பாய்ந்துவிடும். அரபு வாசிக்கத் தெரிந்த சோனகதெரு முஸ்லிம் வாசகருக்கு அது சாதாரணக் கேள்விதான், பகிடி பிடிபடாது.

கேள்வி: பள்ளிக்கூடக் கட்டுரையில் சொண்டுக்குறி போடலாமோ?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: வேண்டாம் தம்பி. அந்தப் புள்ளியைப் போட்டால் கட்டுரைப் புள்ளி போகும்.