என்னை நானே மன்னிக்க முடியவில்லை, டாக்டர்

கேள்வி: எனக்கு வயது 46. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை ஒன்றரை வருடம் நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டேன். நான்கு மாதங்களுக்கு முன்பு இறந்துவிட்டார். அதற்குப் பத்து நாள் முன்னால், ஒரே இரவில் நான்காவது முறையாகக் கூப்பிட்டபோது, "என்னைக் கொஞ்ச நேரம் தூங்க விடேன்மா" என்று கத்திவிட்டேன். அன்று இரவு அம்மா மறுபடி கூப்பிடவே இல்லை. இப்போது தினமும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அந்த இரவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தோழி சொன்னாள் என்று மைண்ட்ஃபுல்னெஸ் தியானம் செய்து பார்த்தேன். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுகிறது. இதுகூட எனக்கு வரவில்லையே என்று அழுகைதான் வருகிறது. 'உன்மேல் நீயே அன்பு காட்டு' என்கிறாள். செய்த தப்புக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

"அன்று இரவு அம்மா மறுபடி கூப்பிடவே இல்லை" என்ற வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீங்கள் கத்தியதைவிட, அதற்குப் பிறகு இருந்த அந்த அமைதிதான் உங்களைத் தினமும் எழுப்புகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை வருடம் என்றால் ஐந்நூறு இரவுகளுக்கு மேல். மருத்துவமனையில் இப்படிப்பட்ட நோயாளியைப் பார்க்க ஒரு நாளை ஷிஃப்டுகளாகப் பிரித்து ஆள் மாற்றுகிறோம். ஒரே ஆள் ஓய்வில்லாமல் பார்த்தால் பொறுமையும் கவனமும் தாங்காது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் எல்லா ஷிஃப்டையும் ஒருவராகவே பார்த்திருக்கிறீர்கள். தூக்கம் மாதக்கணக்கில் துண்டு துண்டாகப் போனால், கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற மூளையின் முன்பகுதி தளர்ந்துவிடும். பயத்தையும் எரிச்சலையும் கிளப்புகிற அமிக்டலா சின்னத் தூண்டலுக்கே துள்ளும். நீங்கள் கத்தியது சரி என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் தினமும் மூன்று மணிக்கு உங்கள் மனம் நடத்துகிற விசாரணையில், தூக்கம் கெட்ட அந்த உடம்பைச் சாட்சி சொல்ல ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை.

அந்த மூன்று மணியைப் பற்றியும் சொல்கிறேன். இரவின் பின்பாதியில் எல்லோருக்குமே தூக்கம் லேசாகத்தான் இருக்கும். கார்டிசோல் என்ற ஹார்மோன் விடியலை எதிர்பார்த்து மெல்ல ஏறத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். அதோடு, ஒன்றரை வருடம் அந்த நேரத்தில் எழுந்து பழகிய உடம்பு உங்களுடையது. அது இன்னும் அம்மாவின் குரலுக்காகத்தான் எழுகிறது. அந்த இருட்டில் தோன்றும் எண்ணங்கள் பகலில் தோன்றுவதைவிடக் கடுமையாக இருக்கும். அந்த நேரத்தில் உங்களைப் பற்றி நீங்கள் எழுதும் தீர்ப்பை அப்படியே நம்ப வேண்டாம்.

சரி, தியானத்துக்கு வருவோம். உங்களுக்கு அது வரவில்லை என்று நான் நினைக்கவில்லை. ஆரம்பித்த முறைதான் உங்கள் நிலைமைக்குப் பொருந்தவில்லை. ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியை நோயாளிகளுக்காகத் தொடங்கினார். வந்தவர்களில் பலர் தீராத வலியோடு இருந்தவர்கள். அவர்களுக்குக் குழுவாக, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, எட்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தந்தார்கள். வலியைத் துரத்துவது அதன் நோக்கம் இல்லை. வலி இருக்கும்போதே அதோடு சண்டை போடாமல் இருக்கப் பழகுவதுதான். துக்கம் ஆறாத நேரத்தில், தனியாக, கண்ணை மூடி உட்காருவது அந்தப் பயிற்சியின் கடினமான முனையில் ஏறுவது மாதிரி. துக்கமும் பயமும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சுமுட்டலைக் கொண்டுவரலாம். இது அபூர்வம் இல்லை. (மாடிப்படி ஏறும்போதும், மல்லாந்து படுக்கும்போதும் மூச்சு வாங்கினால் அது வேறு விஷயம். இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.)

ஆகவே இப்போதைக்குக் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். மூச்சை விட்டுவிட்டுக் காலுக்கு வாருங்கள். விழிப்பு வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் வையுங்கள். தரையின் குளிர்ச்சி முதலில் எங்கே தெரிகிறது? குதிகாலிலா, பெருவிரலுக்குக் கீழேயா? எந்தக் கால் அதிகமாக அழுந்துகிறது? பாதத்தின் நடுவில் தரையைத் தொடாத இடம் எது? இவ்வளவுதான். நான்காவது நொடியில் அந்த இரவு வந்து நிற்கும். வரட்டும். "குற்ற உணர்ச்சி வந்திருக்கிறது" என்று மனதுக்குள் பெயர் சொல்லிவிட்டு மறுபடி குதிகாலுக்கு வாருங்கள். இருபது முறை போனால் இருபது முறை வாருங்கள். போனது தெரிந்து திரும்புகிறீர்களே, அதுதான் பயிற்சி. எண்ணமே வராத மனம் யாருக்கும் கிடையாது. இரண்டு மூன்று நிமிடம் போதும்.

மூச்சு முட்டாத பகல் நேரத்தில் இன்னொன்று செய்து பாருங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக விடுங்கள். விடும்போது நாடி சற்று நிதானமாவது பலருக்கு விரலிலேயே தெரியும். மூச்சை வெளியே விடுகையில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். உங்களை வருத்திக்கொள்ளாமல் அதை ஆறேழு முறை அளவுக்குக் கொண்டுவந்தால் உடம்பு தணிவதை உணரலாம். சங்கடமாக இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒன்றரை நாள் தொடர் பணியின் முடிவில், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு முதியவரிடம் நான் எரிந்து விழுந்தேன். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். முதியவர் விடியற்காலையில் போய்விட்டாராம். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் வயதில் மூத்த செவிலியர் ஒருவர் வந்து, "நீங்க கடைசியா எப்ப தூங்கினீங்க டாக்டர்?" என்று கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. 'பரவாயில்லை, விடுங்க' என்று என் தப்பை அவர் துடைத்துவிடவும் இல்லை. என்னைக் குத்தவும் இல்லை. தப்பு செய்தவனும் ஒரு மனிதன்தான் என்று பார்த்தார், அவ்வளவுதான். அதன் பிறகுதான் என்னால் அழவே முடிந்தது.

அந்தச் செவிலியர் என்னைப் பார்த்த பார்வையை நீங்களே உங்கள்மேல் திருப்பினால், அதுதான் உங்கள் தோழி சொல்லும் தன்பரிவு. அதைத் தன்னிரக்கம் என்று நினைத்துவிடுவதால்தான் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. தன்னிரக்கம் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று கேட்கும். தன்பரிவு 'இந்த இடத்தில் மனிதர்கள் இடறுவார்கள், நானும் இடறினேன்' என்று சொல்லும். உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் இதற்கு வரையறை எழுதியபோது மூன்று விஷயங்களைச் சேர்த்தார்: தன்னிடம் கனிவு, இது மனிதர் எல்லோருக்கும் உள்ளது என்ற உணர்வு, வலியைப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் பார்க்கும் கவனம். தன்னிடம் கனிவாக இருந்தால் தப்பைத் திருத்தும் எண்ணம் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட சோதனைகளில் நேர்மாறாகத்தான் தெரிந்தது. தன்மேல் பரிவோடு தவறைப் பார்த்தவர்களுக்குத்தான் திருத்திக்கொள்ளும் ஊக்கம் கூடியது.

அம்மா உங்களை மன்னித்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவரைத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், பூசி மெழுக வேண்டாம். அதே கடிதத்தில் மற்ற இரவுகளையும் எழுதுங்கள். புரட்டிப் படுக்க வைத்தது, தலையணையைச் சரிசெய்தது, தண்ணீரால் வாயை நனைத்தது எல்லாம். அவையும் நடந்தவைதான். இரண்டு நாள் கழித்து, அம்மா இதற்கு என்ன பதில் எழுதுவார் என்று அவருடைய பேச்சிலேயே எழுதிப் பாருங்கள். இதைப் பகலில் செய்யுங்கள், முடிந்தால் தோழி பக்கத்து அறையில் இருக்கும்போது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். நான்கு மாதம் என்பது துக்கத்துக்கு அதிகம் இல்லை. துக்கம் தானே நோயாகிவிட்டதா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடே குறைந்தது ஆறு மாதம் கேட்கிறது. ஆனால் நாளின் பெரும்பகுதி மனச்சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, பசியின்மை, விடியுமுன் விழிப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் இதே வேஷத்தில் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் தியானத்தை நம்பி நிறுத்த வேண்டாம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும், அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இரண்டு வாரம் பாதப் பயிற்சியைச் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, மறுபடி தூங்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவைத்திருந்தால் நல்லது. அம்மாவின் பதில் கடிதத்தில் ஒரு வரியை அனுப்ப மனம் வந்தால், அதையும் அனுப்புங்கள்.