822 கிலோமீட்டர் சரி, ஒன்றரை மணி நேரம் சரியில்லை

கேள்வி: மாலத்தீவில் ஹனிமாது அருகே உள்ள ஒரு தீவில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் தென்கோடியில் ஹித்ததூவில் நர்ஸ். ஹனிமாது விமான நிலையத்துக்கும் ஹித்ததூவுக்குப் பக்கத்திலுள்ள கன் விமான நிலையத்துக்கும் இடையே 822 கி.மீ., பறக்கும் நேரம் ஒன்றரை மணி என்று ஒரு வலைத்தளம் காட்டுகிறது. வெள்ளி, சனி விடுமுறையில் போய்த் திரும்ப முடியுமா? அப்பா தூத்தூரில் போட் ஓட்டியவர். அவர் கணக்குப் போட்டு, அவ்வளவு தூரம் வராது என்கிறார். - தூத்தூர் வாசகி

பதில்: உங்கள் அப்பாவின் முறை சரி, ஒரே ஓர் இடத்தில் சறுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், நேர் வடக்குத் தெற்காக இருக்கின்றன. எனவே அட்சரேகையை மட்டும் பார்த்தால் போதும். ஒரு பாகைக்கு (டிகிரிக்கு) 60 கலை, அதாவது 60 கடல் மைல். ஹனிமாது 6 பாகை 44 கலை, கன் 0 பாகை 42 கலை. கழித்தால் 362 கடல் மைல், அதாவது 670 கி.மீ. ஆனால் கன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். 7 பாகை 26 கலை, 446 கடல் மைல், 826 கி.மீ. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதியில் அட்சரேகைப் பாகையின் நீளம் சற்றுக் குறைவு. வலைத்தளத்தின் 822-க்கும் இதற்கும் உள்ள நான்கு கிலோமீட்டர் வித்தியாசம் அதனால்தான். குமரிக் கடலில் ஜி.பி.எஸ். பார்த்துப் பழகியவருக்குத் தெற்கு அட்சரேகை கைவராதது பெரிய குற்றமல்ல.

தூரம் தீர்ந்தது. நேரம்தான் சிக்கல். அந்த ஒன்றரை மணி, பெரிய ஜெட் விமானம் நேராகப் பறப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. உள்நாட்டுத் தடங்களில் ஓடுபவை பெரும்பாலும் காற்றாடி பொருத்திய டாஷ் 8, ஏ.டி.ஆர். ரகங்கள், வேகம் மணிக்கு 500 கி.மீ.யை ஒட்டித்தான். நீங்கள் தலைநகர் மாலேயில் இறங்கி மாற வேண்டும். அதனால் தூரம் ஒன்றும் கூடிவிடாது: ஹனிமாது - மாலே 285, மாலே - கன் 542, மொத்தம் 827 கி.மீ. வான்வழியில் மாலே உங்கள் பாதையிலேயே இருக்கிறது. முதல் கட்டம் சுமார் 50 நிமிடம், இரண்டாவது ஒன்றேகால் மணி. வழியில் வேறு தீவில் இறங்கி ஏறும் விமானமானால் இன்னும் கூடும்.

இவற்றோடு மாலேயில் காத்திருப்பும், உங்கள் தீவிலிருந்து ஹனிமாதுவுக்குப் படகும் சேர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் படகைக் கடிகாரம் பார்த்து நம்ப முடியாது. கணவர் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. கன் தீவிலிருந்து ஹித்ததூ வரை கடலுக்கு நடுவே இணைப்புச் சாலை உண்டு, டாக்ஸியில் போய்விடலாம். பிரிட்டிஷ் விமானப்படை 1976 வரை தளம் வைத்திருந்த இடம் கன்.

எனவே வீட்டு வாசல் முதல் வாசல் வரை ஒரு பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டங்களையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது கைநழுவினால் நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும்.

இரண்டு நாள் விடுமுறைக்கு என்னிடம் வேறு யோசனை இருக்கிறது. இருவருமே மாலேக்கு வந்துவிடுங்கள். உங்களுக்கு 50 நிமிடம், அவருக்கு ஒன்றேகால் மணி, யாருக்கும் விமானம் மாற வேண்டாம். அறையைப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில் எடுங்கள். விமான நிலையத்திலிருந்து சாலையிலேயே போகலாம்.