"பிரதிக்கு வெளியே எதுவுமில்லை" என்றால் வெளியுலகமே இல்லை என்கிறாரா பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா?

இல்லை. மொழிபெயர்ப்பால் வந்த குழப்பம் இது. 1967-இல் வெளியான, எழுத்தியல் பற்றிய அவருடைய நூலில், பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோவை வாசிக்கும் பகுதியில் இந்த வரி வருகிறது. பிரெஞ்சில் அது 'ஓர்-தெக்ஸ்த் (hors-texte, பிரதிக்குப் புறம்பானது) என்று ஒன்றில்லை' என்றே இருக்கிறது. (பக்க எண் இல்லாமல் நூலில் செருகப்படும் படத்தாளுக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான்.) 'வெளியே எதுவுமில்லை' என்பது வேறு பேச்சு.

அந்த இடத்தில் தெரிதா துரத்துவது ரூசோ பயன்படுத்தும் 'சுப்ளெமாங்' (supplément) என்ற ஒரே சொல்லை. அதற்கு இரண்டு பொருள்: நிறைவாக இருப்பதோடு கூடுதலாகச் சேர்ப்பது, குறையை இட்டு நிரப்புவது. எழுத்து பேச்சுக்கு வெறும் கூடுதல் என்கிறார் ரூசோ. பேச்சு நிறைவானது என்றால் கூடுதலுக்கு அங்கே என்ன வேலை? ரூசோவின் வாழ்விலும் இதே கதைதான்: அவர் பிறந்த சில நாள்களிலேயே தாய் இறந்தார். பிறகு 'அம்மா' என்று அழைத்த வாரென்ஸ் சீமாட்டி, அடுத்து துணைவி தெரேஸ் என்று பதிலிகள் நீள்கின்றன. பதிலிகளைத் தாண்டிய தூய மூலம் எங்கும் கைக்கு வருவதில்லை. அந்த வரி சொல்வது இதைத்தான். சூழலுக்கு வெளியே எதுவுமில்லை என்பதே பொருள் என்று பின்னாளில் தெரிதாவே விளக்கினார்.

"அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாமா?" என்பது அடுத்த தவறு. அதே பகுதியில், ஆசிரியர் சொல்ல வந்ததை மரபுவழியில் விளக்கும் உரை தேவை, அது இல்லாவிட்டால் விமர்சனம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடும் என்று எச்சரிக்கிறார். எனவே முதலில் ரூசோ சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லுங்கள். பிறகு 'சுப்ளெமாங்' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் குறித்து, எங்கே இரு பொருளும் மோதுகின்றன என்று பாருங்கள். முதல் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே தெரிதாவுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர்கள்.