வி.டி.ஆர்.எல். 1:2 ரியாக்டிவ்: சண்டைக்கு முன்னால் இன்னொரு டெஸ்ட்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கணவர் கேட்டிருக்கிறார். மனைவிக்கு நான்காவது மாதம், செக்கப்புக்கு எடுத்த ரத்தத்தில் ‘வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் 1:2’ என்று வந்திருக்கிறது, செல்போனில் தேடினால் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்கிறது, வீட்டில் மூன்று நாளாகப் பேச்சில்லை. லேபில் ஆறாயிரம் ரூபாய்க்கு பி.சி.ஆர். பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்களாம். எடுக்கலாமா?

வேண்டாம். அந்தப் பணத்துக்கு வீட்டுக்காரம்மாவுக்கு மாதுளம்பழம் வாங்கிக் கொடுங்கள். சிபிலிஸில் பி.சி.ஆர். உதவுவது புண்ணிலிருந்து எடுத்த நீரில் கிருமியைத் தேடத்தான். புண்ணே இல்லாதவர் ரத்தத்தில் தேடி நெகட்டிவ் வந்தால் அதை நம்பவும் முடியாது.

முதலில் ஒன்று. வி.டி.ஆர்.எல். கிருமியைத் தேடும் டெஸ்டே இல்லை. மாட்டு இதயத்திலிருந்து எடுக்கும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பை ஒரு சொட்டு சீரத்தோடு (ரத்தத்தின் தெளிந்த நீர்) கலந்து, கண்ணாடித் தட்டில் 4 நிமிடம் சுழற்றி, பால் போலத் திரிகிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். சீரத்தை இரண்டு மடங்கு நீர்த்த பிறகும் திரிந்தால் 1:2, எட்டு மடங்கு வரை திரிந்தால் 1:8. உடம்பில் திசு சேதமானாலே அந்தக் கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகலாம். மலேரியா, தொழுநோய், சில வைரஸ் காய்ச்சல், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் லூபஸ், ஏன், கர்ப்பமே கூடப் போதும். இப்படி வரும் பொய் பாசிட்டிவ் பெரும்பாலும் 1:8-க்குக் கீழேதான் நிற்கும். அதற்காக 1:2 என்றாலே பொய் என்று முடிவு கட்டவும் கூடாது, பழைய நோயிலும் அதே எண் வரும்.

அதனால்தான் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு ரத்த டெஸ்ட் கேட்கிறோம். இதில் சிபிலிஸ் கிருமியின் புரதம் பூசிய ரத்த அணுக்கள் இருக்கும். குழியின் அடியில் அவை பொட்டு வைத்தாற்போலக் குவிந்தால் நெகட்டிவ், பாய் விரித்தாற்போலப் பரவினால் பாசிட்டிவ். இதற்கும் ஒரு குறை உண்டு: ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் சிகிச்சை முடிந்த பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்க்கும் கார்டும் இதே ரகம்தான்.

இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். டி.பி.எச்.ஏ. நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் பொய் பாசிட்டிவ். தொற்றிச் சில வாரம்தான் ஆகியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் 2 முதல் 4 வாரத்தில் மறுபடி பாருங்கள். முன்பு கரு கலைந்திருந்தாலோ, வி.டி.ஆர்.எல். 6 மாதத்துக்கு மேல் இறங்காமல் நின்றாலோ லூபஸ் பக்கம் தேடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். டி.பி.எச்.ஏ.யும் பாசிட்டிவ் என்றால் சிகிச்சை வேண்டும், ஏற்கெனவே முழுதாகச் சிகிச்சை எடுத்ததற்குச் சீட்டு இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆனால் எந்த வருடம், யாரிடமிருந்து என்பதை எந்த லேபும் சொல்லாது, ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் விசாரிக்க முடியாது.

கர்ப்பத்தில் இதற்கு மருந்து பென்சிலின் ஊசி மட்டும்தான், மாத்திரை போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டி.பி.எச்.ஏ. ரிசல்ட் தாமதமானால் டாக்டர் முன்கூட்டியே ஊசி போடுவதும் உண்டு. மறுக்க வேண்டாம், சிகிச்சை இல்லாமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகிற நோய் இது.

அப்புறம், உங்கள் ரத்தத்தையும் அதே நாளில் கொடுங்கள், எச்.ஐ.வி.யும் சேர்த்து. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையிலோ, கோரிமேடு ஜிப்மர் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவிலோ காட்டலாம். சிகிச்சைக்குப் பின் 1:16 என்பது 1:4 ஆக, அதாவது நான்கில் ஒன்றாக இறங்கினால்தான் குறைந்தது என்று அர்த்தம், 1:2 அடுத்த முறை 1:4 ஆனால் பதற வேண்டாம், ஒரு படி ஏற்ற இறக்கம் சகஜம். பின்தொடரும்போது லேபை மாற்றாதீர்கள், வி.டி.ஆர்.எல். பார்த்தவர் நடுவில் அதே ரகமான ஆர்.பி.ஆர். டெஸ்டுக்குத் தாவினால் எண்களை ஒப்பிடவே முடியாது. இப்போதைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள், அந்த 1:2-ஐ அங்கே கேட்பார்கள்.